சோறு இறங்கலையா? ‘கேஸ்’ என்று விட்டுவிடாதீர்கள்!

“டாக்டரய்யா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு வாய் சோறு நிம்மதியா உள்ளே இறங்கணும். அவ்ளோதான்!”

உத்திரமேரூரில் உள்ள என் கிளினிக்கில் உட்கார்ந்து அந்த அம்மா இப்படிச் சொன்னபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. வயது 42. பக்கத்துக் கிராமத்தில் சத்துணவு மையத்தில் வேலை. தினமும் ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் சோறு போடுகிறவர். ஆனால் அவர் ஒரு இட்லி சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம்! ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். அதுவும் போதாமல் எழுந்து நின்று, மார்பை நிமிர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் ‘தொபுக்’கென்று இறங்குமாம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தே ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. நாலு பேர் எதிரில் எழுந்து நின்றா சாப்பிட முடியும்?

அவருக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். “நெஞ்சு கரிக்குதா?” என்றேன். “ஆமாங்க” என்றார். “ஏப்பம் வருதா?” “வருதுங்க.” சரி, குன்மம்தான் என்று முடிவு கட்டி, சூரணம் கொடுத்து, காரம் புளியைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. 58 கிலோ இருந்தவர் 51 கிலோ ஆனார்.

என் தவறை ஏன் நானே பத்திரிகையில் எழுதுகிறேன் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இதே தவறு பல வீடுகளில் தினமும் நடக்கிறது. ‘கேஸ்’ என்று சோடா குடிக்கிறோம். ‘அசிடிட்டி’ என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். விழுங்குவதே சிரமம் என்பது வேறு வியாதி என்று நமக்குத் தோன்றுவதே இல்லை!

ஒரே ஒரு கேள்வி

மூன்றாவது மாதம் அந்த அம்மாவோடு அவர் மாமியாரும் வந்தார். “ராத்திரி படுத்தா தலகாணி பூரா சோத்துப் பருக்கைங்க. இருமிக்கிட்டே எழுந்திருக்கிறா” என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. “அப்படி வர்ற சோறு புளிக்குதா, கசக்குதாம்மா?” என்று கேட்டேன்.

“ஒரு ருசியும் இல்லீங்க. போட்டது போட்ட மாதிரியே வருது.”

“தண்ணி குடிச்சா?”

“தண்ணியும் நெஞ்சுல நிக்குதுங்க. ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்.”

முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி! இரைப்பைக்குப் போய்த் திரும்பி வருகிற சாப்பாடு புளிக்கும். ஏனென்றால் அங்கே அமிலம் இருக்கிறது. புளிக்காமல், போட்டது போட்டபடி வருகிறது என்றால் அது இரைப்பைக்குப் போகவே இல்லை என்று அர்த்தம். நடுவழியில் நிற்கிறது!

இன்னொன்று. உணவுக்குழாயில் கட்டியோ சுருக்கமோ இருந்தால் பெரும்பாலும் முதலில் கெட்டிச் சாப்பாடு சிக்கும். நாளாக ஆகத்தான் கஞ்சி, தண்ணீர் என்று சிரமம் வரும். ஆரம்பத்திலிருந்தே சோறும் நிற்கிறது, தண்ணீரும் நிற்கிறது என்றால், குழாயின் ‘வேலை’யில் கோளாறு இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

நமக்குள்ளே சில மதகுகள்

எங்கள் ஊர் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உத்திரமேரூர் என்றால் குடவோலைத் தேர்தல் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் ‘ஏரி வாரியம்’ என்று ஒரு குழுவும் வருகிறது. ஏரியைப் பராமரிக்கத் தனியாக ஒரு குழு! தண்ணீர் தேக்குவது மட்டும் போதாது. மதகு வேண்டிய நேரத்தில் திறக்க வேண்டும், மற்ற நேரத்தில் மூடியிருக்க வேண்டும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும்.

நம் உடம்பிலும் அப்படித்தான். பெரியவர்களுக்கு உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். அதன் மேல் முனையில் ஒரு மதகு, கீழ் முனையில் ஒரு மதகு. இரண்டும் வளையம் போன்ற சுருக்குத் தசைகள். சாதாரண நேரத்தில் இரண்டும் மூடியே இருக்கும். மேல் மதகு, மூச்சு விடும்போது காற்று வயிற்றுக்குள் போகாமல் தடுக்கிறது. கீழ் மதகு, இரைப்பை அமிலம் மேலே ஏறாமல் காக்கிறது.

நாம் ஒரு வாய் விழுங்கியதும் மேல் மதகு நொடியில் திறந்து மூடுகிறது. பிறகு உணவுக்குழாயின் தசை மேலிருந்து கீழாக அலை அலையாகச் சுருங்கி உணவைத் தள்ளுகிறது. அலை கீழே வந்து சேரச் சுமார் 8 முதல் 10 விநாடி. அது வருவதற்கு முன்பே கீழ் மதகு தளர்ந்து வழிவிட்டுக் காத்திருக்கிறது! சோறு தன் கனத்தால் மட்டும் கீழே விழுவதில்லை. தலைகீழாக நின்றால்கூட இந்த அலை உணவை இரைப்பைக்குக் கொண்டுபோய்விடும். (செய்து பார்க்க வேண்டாம், புரையேறிவிடும்!)

சித்த மருத்துவத்தில் இதை வாயுக்களின் தொழிலாகச் சொல்வோம். மேல்நோக்குங்கால் என்னும் உதானனும், கீழ்நோக்குங்கால் என்னும் அபானனும் முறை தவறாமல் நடந்தால் உண்டது தன் வழியே போகும். இந்தப் பார்வை நோயைப் பற்றி யோசிக்க உதவும். ஆனால் மதகு எத்தனை அழுத்தத்தில் மூடியிருக்கிறது, விழுங்கும்போது எவ்வளவு தளர்கிறது என்பதை எங்கள் எண்வகைத் தேர்வில் எதுவும் சொல்லாது. அதற்கு அளந்துதான் பார்க்க வேண்டும்.

“ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க!”

முதலில் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பினேன். அதுதான் சரியான வரிசை. விழுங்கச் சிரமம் என்று வருகிறவருக்குப் புற்றுநோய், புண், சுருக்கம் இல்லை என்று முதலில் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ரிசல்ட் வந்தது. புண் இல்லை. கட்டி இல்லை. வீட்டில் ஒரே சந்தோஷம். ஆனால் அந்த அம்மாவுக்கு அன்றிலிருந்துதான் புதுக் கஷ்டம் ஆரம்பித்தது. “ஒண்ணுமில்லாததுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? எல்லாம் மனசுதான்” என்று உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். “நான் நடிக்கிறேனாம் டாக்டரய்யா” என்று சொல்லி அழுதார்.

வாசகர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். எண்டோஸ்கோப்பி ஒரு கண். சுவரில் புண் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று பார்க்கும். தசை ஒழுங்காகச் சுருங்குகிறதா, மதகு நேரத்துக்குத் திறக்கிறதா என்பதை அது முழுமையாகச் சொல்ல முடியாது. ஏரிக்கரையில் நின்று பார்த்தால் மதகு நன்றாகத்தான் தெரியும். ஷட்டர் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது என்பது திருகிப் பார்க்கும்போதுதானே தெரிகிறது?

அழுத்தத்தை அளக்கும் சோதனை

அப்படித் திருகிப் பார்க்கிற சோதனைக்குப் பெயர் ‘மேனோமெட்ரி’. கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல உணவுக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பது. இதற்கும் அளவு மில்லிமீட்டர் பாதரசம்தான்.

இது புது யோசனை அல்ல. 1868-ல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற டாக்டர், வாளை விழுங்கி வித்தை காட்டும் ஒருவரின் உதவியோடு உணவுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்த்தார். அது ‘பார்க்கிற’ வழி. 1883-ல் குரோனெக்கர், மெல்ட்சர் என்ற இருவரும் சிறு பலூனை உள்ளே இறக்கி, விழுங்கும்போது உண்டாகும் அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். அது ‘அளக்கிற’ வழி. கீழ் முனையில் தனியாக அழுத்தம் கூடிய ஒரு பகுதி இருக்கிறது என்பதை 1956-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் அளந்து காட்டினார்கள். 1990-களில் ரே கிளவுஸ் என்ற அமெரிக்க டாக்டர், அழுத்தத்தை வண்ணப் படமாக மாற்றும் முறையைக் கொண்டுவந்தார். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்வது அந்த வழியில் வளர்ந்த சோதனைதான்.

எப்படிச் செய்கிறார்கள்?

“மூக்கு வழியா டியூப் விடுவாங்களாமே!” என்று அந்த அம்மா பயந்தார். பயம் நியாயம்தான். ஆனால் விவரம் தெரிந்தால் பயம் பாதியாகிவிடும்.

குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். சாப்பாடு தேங்கி நிற்கிறவர்களுக்கு இன்னும் கூடுதல் நேரம் சொல்வார்கள். மூக்கில் மரத்துப்போகும் ஜெல் தடவி, சுமார் 4 மி.மீ. கனமுள்ள, வளையக்கூடிய மெல்லிய குழாயை மெதுவாக உள்ளே விடுவார்கள். தொண்டையைத் தாண்டும்போது ஓங்கரிக்கும், கண்ணில் நீர் வரும். தாண்டியபின் பெரிதாகத் தெரியாது. மயக்க மருந்து கிடையாது. விழித்திருந்து விழுங்கினால்தானே அளக்க முடியும்?

இந்தக் குழாயில் 1 செ.மீ.க்கு ஒன்றாக 36 உணர்கருவிகள் வரை இருக்கும். மேல் மதகிலிருந்து இரைப்பை வரை எல்லா இடத்து அழுத்தமும் ஒரே நேரத்தில் பதிவாகும். படுக்கவைத்து, ஒவ்வொரு டீஸ்பூனாக, அதாவது 5 மி.லி. தண்ணீரை 10 தடவை விழுங்கச் சொல்வார்கள். பிறகு உட்காரவைத்துச் சில தடவை. ஒரு மடக்குக்கு ஒரே தரம்தான் விழுங்க வேண்டும். எச்சிலைக்கூட நடுவில் விழுங்கக்கூடாது. அதுதான் கொஞ்சம் கஷ்டம்! மொத்தம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தொண்டையில் லேசான கரகரப்பு ஒரு நாள் இருக்கலாம்.

டி.வி.யில் மழை வருவதை வண்ணப் படத்தில் காட்டுவார்களே, ரிசல்ட் அது மாதிரி இருக்கும். அழுத்தம் குறைந்த இடம் நீலம், அதிகமான இடம் சிவப்பு. நல்ல உணவுக்குழாயில் ஒவ்வொரு மடக்குக்கும் மேலிருந்து கீழே சரிவாக ஒரு பட்டை இறங்கும். கீழ் மதகு இருக்கும் இடத்தில், சரியான சமயத்தில் நிறம் மங்கும். மதகு திறந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை: இரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சு வலிக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள், சில வலி மருந்துகள், வாந்தியை நிறுத்தும் மருந்துகள் இந்த அழுத்தத்தை மாற்றிவிடும். சாப்பிடுகிற எல்லா மருந்தையும், எங்கள் சித்த மருந்து உட்பட, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மூக்கில் அடைப்போ, இரத்தம் உறையாத கோளாறோ இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ரிசல்ட் என்ன சொன்னது?

சென்னையில் சோதனை நடந்தது. பத்து மடக்கிலும் சரிவான அந்தப் பட்டை ஒரு தடவைகூட வரவில்லை! கீழ் மதகு, விழுங்கும்போது தளர வேண்டிய அளவுக்குத் தளரவில்லை. இன்று பரவலாக உள்ள கருவியில் படுத்த நிலையில் தளர்ந்த மதகின் அழுத்தம் 15-க்குள் இருக்க வேண்டும். அவருக்கு 28.

வியாதியின் பெயர் ‘அக்கலேசியா’. தளர மறுக்கும் நிலை என்பதே அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். உணவுக்குழாய்ச் சுவரில், தசையைத் தளரச் சொல்லும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால் வருகிறது. காரமோ, புளியோ, கவலையோ காரணம் அல்ல. அபூர்வமான வியாதி, வருஷத்துக்கு லட்சம் பேரில் சுமார் ஒருவருக்குப் புதிதாக வருகிறது. ஆனால் பழைய வியாதி! 1674-லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில டாக்டர் இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் ஸ்பாஞ்சைக் கட்டி, நோயாளியின் உணவை உள்ளே தள்ள வைத்தார். அந்த மனிதர் அப்படியே பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்தாராம்!

இன்று அந்த அவஸ்தை தேவையில்லை. அழிந்த நரம்பணுக்களைத் திரும்பக் கொண்டுவர எந்த வைத்தியத்திலும் மருந்து இல்லை. ஆனால் சிக்கிய மதகைத் திறந்துவிட முடியும். மூன்று வழிகள்:

ஒன்று, 30 மி.மீ. அல்லது 35 மி.மீ. பலூனை மதகில் வைத்து ஊதி விரிப்பது. சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டு, ஆபரேஷனில் மதகின் தசையைக் கீறிவிடுவது. 1913-ல் ஹெல்லர் என்ற ஜெர்மானியர் முதலில் செய்தது. இப்போது லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள்.

மூன்று, வாய் வழியாக எண்டோஸ்கோப்பியிலேயே தசையைக் கீறும் ‘போயம்’ என்ற முறை. ஜப்பானில் இனோவே என்பவர் 2008-ல் தொடங்கியது. வெளியே தழும்பு கிடையாது. ஆனால் பிறகு நெஞ்செரிச்சல் வர வாய்ப்பு உண்டு.

எது யாருக்கு என்பதைச் சொல்வதற்கும் இதே மேனோமெட்ரிதான் உதவுகிறது. இந்த வியாதியை அழுத்தத்தை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். இரண்டாம் வகைக்கு சிகிச்சை நன்றாகப் பலிக்கும். மூன்றாம் வகையில் குழாயே இறுகிப் பிடிப்பதால், தசையை நீளமாகக் கீறும் போயம் பெரும்பாலும் பொருத்தம்.

நம் அம்மாவுக்கு இரண்டாம் வகை. பலூன் வைத்து விரித்தார்கள்.

எல்லோருக்கும் இது வேண்டுமா?

வேண்டாம்! எப்போதோ வரும் நெஞ்செரிச்சலுக்கும் ஏப்பத்துக்கும் இந்தச் சோதனை தேவையே இல்லை. நெஞ்செரிச்சலில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: மதகு நேரம் கெட்டுத் திறந்து அமிலத்தை மேலே விடுகிறது. அதற்கு உணவு முறையும் மருந்துமே பெரும்பாலும் போதும். ஆபரேஷன் செய்யலாம் என்று முடிவெடுத்தால் மட்டும், அதற்கு முன் மேனோமெட்ரி பார்த்துக்கொள்வார்கள்.

நெஞ்சு வலி என்றால் முதலில் இதயம். ஈ.சி.ஜி. எடுத்து இதயத்தில் குறையில்லை என்று தெரிந்த பிறகுதான் உணவுக்குழாயைப் பற்றிய பேச்சு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வயதானவர், அதிலும் புகையிலை, பீடி, சிகரெட், மது பழக்கம் உள்ளவர் ‘சோறு சிக்குது’ என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும்.

கடைசி மதகு

இன்னொரு மதகும் இருக்கிறது. சொல்லக் கூச்சப்படுகிறோம். ஆனால் சொல்லத்தான் வேண்டும். ஆசன வாயில் உள்ள சுருக்குத் தசையைத்தான் சொல்கிறேன். முக்கும்போது அது தளர வேண்டும். சிலருக்கு, தெரியாமலேயே, முக்கும்போது இறுகிவிடுகிறது. பேதி மருந்து எத்தனை சாப்பிட்டாலும் மலச்சிக்கல் தீராது. அங்கும் இதேபோல மெல்லிய குழாய் வைத்து அழுத்தத்தை அளக்கலாம். தசையைத் தளர்த்தும் பயிற்சியை, திரையில் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே கற்றுக்கொடுக்கிறார்கள். பலருக்கு நல்ல குணம் தெரிகிறது. பிறந்ததிலிருந்தே மலச்சிக்கலும் வயிறு உப்பலும் உள்ள குழந்தைகளுக்கும், பெரியவர்களில் மலத்தை அடக்க முடியாதவர்களுக்கும் இந்தச் சோதனை உதவும். வருஷக்கணக்கில் கடுக்காயும் சூரத்தாவரையும் சாப்பிட்டும் பலனில்லை என்று வருகிறவர்களை நான் இப்போது யோசித்துத்தான் பார்க்கிறேன்.

உங்களுக்கு நாலு கேள்வி

வீட்டில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் இந்த நாலையும் கேளுங்கள்.

1. விழுங்கினது நெஞ்சில் நிற்கிறதா? தண்ணீரும் நிற்கிறதா?
2. சாப்பிட்டது புளிக்காமல் அப்படியே எதுக்களித்து வருகிறதா? ராத்திரி இருமல், புரையேறல் உண்டா?
3. சாப்பிடும்போது நடு நெஞ்சில் வலியோ இறுக்கமோ வருகிறதா?
4. காரணமில்லாமல் எடை குறைகிறதா?

முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றாலே டாக்டரைப் பாருங்கள். இரண்டு மூன்றுக்கு ‘ஆமாம்’ என்றால் குடல்நோய் நிபுணரிடம் போங்கள். எண்டோஸ்கோப்பி நார்மல் என்று வந்தும் சிரமம் தீரவில்லையா? “அழுத்தம் அளந்து பார்க்கணுமா டாக்டர்?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்த வசதி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல்நோய்ப் பிரிவில் விசாரித்தால் எங்கே செய்யலாம் என்று வழி சொல்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தச் செலவுக்கு உதவும் என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை கிடைக்கும் வரை: உட்கார்ந்து, நிதானமாக, நன்றாக மென்று, குழைவான சாப்பாடு. சாப்பிட்ட உடனே படுக்காதீர்கள். மூன்று மணி நேரமாவது போகட்டும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்திப் படுங்கள். தேங்கிய உணவு தூக்கத்தில் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். இதெல்லாம் தற்காலிகம்தான். இதையே வைத்தியம் என்று நினைத்துக் காலம் கடத்தினால், உணவுக்குழாய் பை மாதிரி விரிந்து, பிறகு சிகிச்சையும் கஷ்டமாகிவிடும்.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் நான். அந்த வைத்தியத்தின் மேல் எனக்கிருக்கும் நம்பிக்கை இன்றும் குறையவில்லை. அஜீரணத்துக்கு ஒரு சிட்டிகை சீரகம் செய்கிற வேலையை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் சிக்கிய மதகை எந்த லேகியமும் திறக்காது. நோயாளியின் பேச்சைக் கேட்பதும், ‘மொழி’ பார்ப்பதும் எண்வகைத் தேர்வில் ஒன்று. அதை நான் முதல் நாளே ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த அம்மாவுக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். இப்போதெல்லாம் ‘நெஞ்சு கரிக்குது’ என்று யார் வந்தாலும் என் முதல் கேள்வி: “தண்ணி ஒழுங்கா இறங்குதா?”

போன மாதம் அந்த அம்மா வந்திருந்தார். எடை 56 கிலோ. ஆறு மாதத்துக்கொரு தரம் சென்னைக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்கிறார். “தங்கச்சி மக கல்யாணம் டாக்டரய்யா. முதல் பந்தியிலேயே உக்காந்து சாப்பிட்டேன்” என்றார். கூட வந்த மாமியார், “பாயசம் ரெண்டு தடவ வாங்கினா!” என்று சிரித்தார்.